பங்காளிச் சண்டைக்கு நடுவே ஒரு சீமாட்டி

கேள்வி: ரோஜாப் போர்கள் நடந்த காலத்தில் இங்கிலாந்தின் பிரபு வீட்டுப் பெண்கள் என்னதான் செய்துகொண்டிருந்தார்கள்? ஆண்கள் போருக்குப் போன பிறகு கோட்டைக்குள் உட்கார்ந்து பூத்தையல் போட்டபடி செய்திக்காகக் காத்திருந்தார்களா?

பூத்தையல் போட்டிருக்கலாம். அதற்கு எவ்வளவு நேரம் மிஞ்சியிருக்கும் என்பதில்தான் எனக்குச் சந்தேகம். எல்லாப் பெண்களையும் சேர்த்துப் பொதுவாகப் பேசினால் எதுவும் பிடிபடாது. ஆகவே ஒரே ஒருவரைப் பின்தொடர்ந்து போவோம். நான் தேர்ந்தெடுப்பது செசிலி நெவில் என்ற யார்க் சீமாட்டியை. 1415 மே 3-இல் பிறந்து 1495 மே 31-இல் மறைந்தவர். எண்பது வயது. போர் தொடங்கியபோது அவருக்கு நாற்பது. கடைசிச் சண்டை முடிந்த பிறகும் எட்டு ஆண்டுகள் இருந்தார். இரண்டு அரசர்களைப் பெற்றவர், ஓர் அரசியின் பாட்டி, எட்டாம் ஹென்றிக்குக் கொள்ளுப்பாட்டி. தான் மட்டும் அரசியாகவே இல்லை.

போரைப் பற்றி இரண்டு வரி. மூன்றாம் எட்வர்டின் பிள்ளைகள் வழியில் வந்தவர்கள் மணிமுடிக்காக மோதிக்கொண்ட பங்காளிச் சண்டை அது. ஒரு பக்கம் லங்காஸ்டர் கிளை, மறுபக்கம் யார்க் கிளை. 1455 மே 22-இல் செயின்ட் ஆல்பன்ஸ் தெருக்களில் தொடங்கி 1487 ஜூனில் ஸ்டோக் களத்தில் அடங்கியது. செசிலியின் சிக்கல் என்னவென்றால், அவருடைய அம்மா ஜோன் போஃபர்ட் லங்காஸ்டர் குலத்தைத் தொடங்கிய ஜான் ஆஃப் கான்ட்டின் மகள். பிறந்த வீட்டில் லங்காஸ்டர் ரத்தம், புகுந்த வீடு யார்க். திருமணம் பேசியபோது இது யாருக்கும் சிக்கலாகத் தெரியவில்லை. தெரிந்திருக்கவும் முடியாது.

அந்தத் திருமணம் நடந்த விதமே ஒரு பாடம். யார்க் வாரிசான ரிச்சர்டின் தந்தை 1415-இல் துரோகக் குற்றத்துக்காகத் தலை வெட்டப்பட்டவர். பெரும் சொத்துள்ள அநாதைச் சிறுவனை வளர்க்கும் உரிமையையும், அவனுக்கு மணம் முடித்துவைக்கும் உரிமையையும் அரசாங்கம் விலைக்கு விற்கும். செசிலியின் தந்தை ரால்ஃப் நெவில் 1423-இல் 3000 மார்க் கொடுத்து அந்த உரிமையை வாங்கினார். (ஒரு மார்க் என்பது பவுண்டில் மூன்றில் இரண்டு பங்கு, நாணயமாக அச்சிடப்படாத வெறும் கணக்குப் பணம்.) இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பெற்ற அந்த மனிதர் மறு ஆண்டே தன் கடைசி மகளுக்குப் பையனை நிச்சயம் செய்தார். பெண்ணுக்கு ஒன்பது வயது, மாப்பிள்ளைக்குப் பதின்மூன்று. போட்ட முதல் வீட்டுக்குள்ளேயே தங்கியது.

பிறகு கணவரின் பதவியோடு ஊர் ஊராக வாழ்க்கை. பிரெஞ்சு மண்ணில் ரூவான் நகரில் எட்வர்ட், எட்மண்ட், எலிசபெத், டப்ளினில் ஜார்ஜ், ஃபாதரிங்கேயில் கடைக்குட்டி ரிச்சர்ட். மொத்தம் பன்னிரண்டு பிரசவங்கள், பிழைத்து வளர்ந்தவர்கள் ஏழு பேர்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆண்களுக்குப் போர் என்பது களம். அது ஒரு காலையில் தொடங்கி மாலைக்குள் முடிந்துவிடும். பெண்களுக்குப் போர் பெரும்பாலும் காகித வடிவில் வந்தது. அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் சட்டம் தெரிய வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள், சுவாரசியமான சட்டம்தான்.

பிரபு வீட்டுப் பெண்ணுக்கு மூன்று வகையில் நிலம் வரலாம். பிறந்த வீட்டிலிருந்து வாரிசுரிமையாக வருவது ஒன்று. கணவர் இறந்தால் அவருடைய நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை ஆயுள் உள்ளவரை அனுபவிக்கும் விதவைப் பங்கு இன்னொன்று. கணவன் மனைவி இருவர் பெயரிலும் எழுதிவைப்பது, அதாவது நம் ஊர்க் கூட்டுப் பட்டாவைப் போன்றது, மூன்றாவது. கணவர் தோற்ற பக்கத்தில் இருந்தால் நாடாளுமன்றம் அவரைத் துரோகி என்று சட்டம் இயற்றி அறிவித்துவிடும். அவருடைய நிலம் முழுவதும் அரசனுக்குப் போகும், பிள்ளைகளுக்கு வாரிசுரிமை அறும். அப்போது விதவைப் பங்கும் போய்விடும். கூட்டுப் பட்டா நிலமும் பிறந்த வீட்டுச் சொத்தும் மட்டும் சட்டப்படி தப்பும், அதுவும் பெரும்பாலும் கணவர் இறந்த பிறகே கைக்கு வரும். ஆகவே கல்யாணத்தின்போது எந்த நிலம் யார் பெயரில் எழுதப்பட்டது என்பது, இருபது ஆண்டு கழித்து ஒரு பெண் சாப்பிடுவாளா பட்டினி கிடப்பாளா என்பதைத் தீர்மானித்தது.

செசிலிக்கு அந்த நாள் 1459 அக்டோபரில் வந்தது. லட்லோ கோட்டைக்கு வெளியே லட்ஃபோர்ட் பாலத்தருகே யார்க் படையும் லங்காஸ்டர் கிளை அரசர் ஆறாம் ஹென்றியின் படையும் எதிரெதிராக நின்றன. யார்க் படையில் ஒரு பகுதி இரவோடு இரவாகக் கட்சி மாறியது. விடிவதற்குள் கணவர் இரண்டாவது மகன் எட்மண்டோடு அயர்லாந்துக்குத் தப்பிவிட்டார். மூத்த மகன் எட்வர்ட், செசிலியின் அண்ணன் சாலிஸ்பரி, அண்ணன் மகன் வாரிக் மூவரும் கலே துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். செசிலியும் சின்னப் பையன்களும் லட்லோவிலேயே விடப்பட்டார்கள். அரச படை ஊரைச் சூறையாடியது. உடைத்த பீப்பாய்களின் மது தெருவில் ஓட, அதில் கால் நனைய நடந்தார்கள் என்று அக்காலக் குறிப்பு ஒன்று சொல்கிறது. மனைவியை விட்டுவிட்டுப் போனது கோழைத்தனமா என்று இன்று கேட்கிறார்கள். அந்தக் காலத்துக் கணக்கு வேறு. பிடிபட்ட ஆணுக்குக் கோடரி, சீமாட்டிக்குக் காவல். நாற்பத்து நான்கு வயதுப் பெண்ணையும் சிறுவர்களையும் வெட்ட மாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அது வீரக்கதைகளில் இடம்பெறாத ஒரு துணிச்சல் என்று நினைக்கிறேன்: படை உள்ளே வருவது தெரிந்தும் அங்கேயே நிற்பது.

நவம்பரில் காவன்ட்ரியில் கூடிய நாடாளுமன்றம் அவருடைய கணவரைத் துரோகி என்று அறிவித்தது. செசிலி அங்கேயே போய் அரசனிடம் முறையிட்டார். கிடைத்தது என்ன? குற்றம் எதுவும் செய்யாத அவருக்கும் குழந்தைகளுக்கும் ஆண்டுக்கு 1000 மார்க், கணவருடைய நிலங்களிலிருந்தே. நாட்டின் பெரும் பணக்காரர்களில் ஒருவரின் மனைவிக்கு அது பெரிய தொகை இல்லை. ஆனால் கையேந்தும் நிலை வரவில்லை. அதே நாடாளுமன்றம் அவருடைய அண்ணி, சாலிஸ்பரி சீமாட்டி ஆலிஸை, கணவரோடு சேர்த்து அவர் பெயரிலேயே துரோகி என்று அறிவித்தது. மிடில்ஹாமில் சதி செய்தார் என்று குற்றச்சாட்டு. ஒரு சீமாட்டிக்கு அப்படி நேர்வது அரிது. பெண்களுக்கு அரசியலில் பங்கில்லை என்று அன்றைய ஆட்சியாளர்களே நம்பவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

செசிலியைக் காவலில் வைக்கத் தேர்ந்தெடுத்த இடம்தான் இந்தக் கதையிலேயே என்னை அதிகம் உறுத்துவது. அவருடைய சொந்த அக்கா ஆன் வீடு. ஆன், லங்காஸ்டர் பக்கத்தின் தூணாக இருந்த பக்கிங்ஹாம் டியூக்கின் மனைவி. அங்கே செசிலி கடுமையாக நடத்தப்பட்டார், பல சுடுசொற்களைக் கேட்க நேர்ந்தது என்று ஒரு லண்டன் குறிப்பேடு எழுதுகிறது. யார் திட்டினார்கள் என்று அது சொல்லவில்லை. அக்காவின் மூத்த மகன் செயின்ட் ஆல்பன்ஸில் யார்க் படையிடம் காயம்பட்டவர். பின்னர் இறந்தும் போனார். அந்த வீட்டில் தங்கைக்கு ஆரத்தி எடுத்திருக்க மாட்டார்கள்.

ஒன்பது மாதம்கூட ஆகவில்லை, சக்கரம் சுற்றியது. 1460 ஜூலை 10, நார்த்தாம்ப்டன். கலேயிலிருந்து திரும்பிய யார்க் படை அரசனையே சிறைப்பிடித்தது. அந்தக் களத்தில் அரசனின் கூடாரத்தருகே வெட்டுண்டு விழுந்தவர்களில் பக்கிங்ஹாமும் ஒருவர். வென்ற படையை நடத்தியவர்கள் யார் தெரியுமா? செசிலியின் மகன் எட்வர்ட், அண்ணன் மகன் வாரிக், இன்னொரு அண்ணன் ஃபாக்கன்பர்க். அதாவது ஆனைத் தாலியறுத்தது அவருடைய சொந்தச் சகோதரரும், ஒரு சகோதரரின் மகனும், தங்கை மகனும். தங்கையின் விடுதலைக்கு வழி திறந்த அதே நாளில் அக்கா விதவையானார். இருவரும் அதற்குப் பிறகு என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

செப்டம்பரில் செசிலி லண்டனுக்கு வந்தார். தேம்ஸின் தென்கரையில், சதக்கில் ஒரு பெரிய வீட்டில் பிள்ளைகளோடு இறங்கினார். அயர்லாந்திலிருந்து திரும்பிய கணவர் ஹெர்ஃபோர்டுக்கு வந்து சந்திக்கும்படி ஆள் அனுப்ப, நீல வெல்வெட் போர்த்திய வண்டியில் நான்கு ஜோடிக் குதிரைகள் பூட்டிக் கிளம்பினார். பிள்ளைகள் ஜார்ஜ், ரிச்சர்ட், மார்கரெட் மூவரும் சதக்கிலேயே தங்க, பதினெட்டு வயது அண்ணன் எட்வர்ட் தினமும் வந்து பார்த்துவிட்டுப் போனார் என்று அக்டோபரில் எழுதிய ஒரு கடிதம் சொல்கிறது. இந்தச் சிறு செய்தி எனக்குப் பிடிக்கும். அந்த நால்வரில் இருவர் பின்னாளில் அரசர்கள். ஜார்ஜுக்கு மரண தண்டனை விதித்துச் சாகவைத்தது அந்தத் தினமும் வந்த அண்ணனே.

அந்த இலையுதிர்காலத்தில் நாடாளுமன்றம் செசிலியின் கணவர் யார்க்கை அரசனின் வாரிசாக ஏற்றது. அரசி ஆவதற்குச் செசிலி மிக அருகில் வந்தது அப்போதுதான். டிசம்பர் 30, வேக்ஃபீல்ட். கணவர் களத்தில் மாண்டார். பதினேழு வயது எட்மண்ட் கொல்லப்பட்டார். அண்ணன் சாலிஸ்பரி பிடிபட்டுத் தலை இழந்தார். மூன்று தலைகளும் யார்க் நகர வாயிலில் ஏற்றப்பட்டன. கணவர் தலைக்குக் காகித மணிமுடி. ஒரே செய்தியில் கணவர், மகன், அண்ணன்.

அழுது தீர்க்க அவகாசம் இல்லை. பிப்ரவரி 17-இல் வாரிக்கும் செயின்ட் ஆல்பன்ஸில் தோற்றார். ஆறாம் ஹென்றியின் மனைவி அரசி மார்கரெட்டின் வடநாட்டுப் படை லண்டனைக் கொள்ளையிடும் என்று நகரமே கதவை அடைத்தது. செசிலி பதினொரு வயது ஜார்ஜையும் எட்டு வயது ரிச்சர்டையும் கப்பலேற்றி பர்கண்டி டியூக்கின் ஆட்சிப் பகுதிக்கு அனுப்பிவிட்டு, தான் மட்டும் லண்டனில் இருந்தார். அதே நாட்களில் நகரத் தலைவர்கள், ஊரைக் காப்பாற்றும்படி அரசியிடம் பேச மூன்று சீமாட்டிகளைத் தூது அனுப்பினார்கள். அவர்களில் ஒருவர் ஆன், செசிலியின் விதவை அக்கா. ஒரு தங்கை நகருக்குள். ஓர் அக்கா நகருக்கு வெளியே, எதிரிப் பாசறையில், அந்த நகருக்காகப் பேசிக்கொண்டு. லண்டன் தப்பியது.

மார்ச் 4-இல் எட்வர்ட் அரசராக அறிவிக்கப்பட்டார். 29-இல் டவ்டன் களத்தில் வென்றார். வெற்றிச் செய்தி அடங்கிய அவருடைய கடிதம் ஏப்ரல் 4, ஈஸ்டருக்கு முந்திய நாள், பகல் 11 மணிக்குத் தாயின் கைக்கு வந்தது. நார்ஃபோக்கைச் சேர்ந்த ஒருவர் அந்தக் கடிதத்தைத் தானே பார்த்துப் படித்ததாக அண்ணனுக்கு எழுதியிருக்கிறார். அதாவது நாட்டின் மிக முக்கியமான செய்தி முதலில் வந்து இறங்கிய இடங்களில் ஒன்று ஒரு விதவையின் வீடு. அவர் அதை வாசலில் நிற்கும் ஆட்களுக்குக் காட்டுகிறார், அவர்கள் ஊருக்கு எழுதுகிறார்கள். அரசாங்கம் இப்படித்தான் இயங்கியது.

1469-இல் ஜார்ஜ் அண்ணனுக்கு எதிராகத் திரும்பி, வாரிக்கோடு சேர்ந்து, மறு ஆண்டு அண்ணனை நாட்டை விட்டே ஓடவைத்தார். 1471 ஏப்ரலில் சகோதரர்கள் மறுபடி சேர்ந்ததற்குக் காரணமானவர்களை அன்றைய அரசுத் தரப்பு வரலாறு பட்டியலிடுகிறது: தாய், சகோதரிகள் எக்ஸெட்டர் சீமாட்டியும் சஃபோக் சீமாட்டியும், கடல் கடந்து பர்கண்டியில் இருந்த தங்கை மார்கரெட். ஜார்ஜ் கொண்டுவந்த படை கட்சி மாறியதால்தான் எட்வர்ட் மீண்டார். லண்டனுக்குள் நுழைந்த இரவு அவர் தங்கியது தாயின் பேனர்ட்ஸ் மாளிகையில். மூன்று நாளில் பார்னெட் களம், வாரிக் மாண்டார். செசிலிக்கு அது மகனின் வெற்றி, அண்ணன் மகனின் சாவு. இரண்டும் ஒரே நாளில் ஒரே வீட்டுக்கு.

இங்கே வாரிக்கின் மனைவி ஆன் போஷாமைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. வாரிக்கின் பெரும் செல்வம் மனைவி வழியில் வந்தது. சட்டப்படி அதை யாரும் தொட முடியாது. கணவர் மாண்ட செய்தி கேட்டு அவர் பியூலி மடத்தில் அடைக்கலம் புகுந்தார். அவருடைய இரண்டு மகள்களை மணந்தவர்கள் ஜார்ஜும் ரிச்சர்டும், அதாவது செசிலியின் பிள்ளைகள். மாமியாரின் நிலம் மாமியார் சாகும்வரை காத்திருக்க மருமகன்களுக்குப் பொறுமை இல்லை. எழுத்தர்கூட இல்லாமல் தன் கையாலேயே அரசருக்கும் அரசிக்கும் அரசரின் தாய்க்கும் வேறு பல சீமாட்டிகளுக்கும் கடிதம் எழுதினேன் என்று நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மனுவில் அவர் கூறுகிறார். 1474-இல் சட்டம் வந்தது: அந்தச் சீமாட்டி இயற்கையாக இறந்துவிட்டதைப் போலவே கருதி நிலத்தை இருவரும் பிரித்துக்கொள்ளலாம். உயிரோடு இருப்பவரைச் செத்தவர் பட்டியலில் சேர்த்து எழுதிய சட்டம். 1487-இல் அப்போதைய அரசர் ஏழாம் ஹென்றி நிலத்தைத் திருப்பிக் கொடுத்தார், அந்தச் சீமாட்டி உடனே அதை அரசனுக்கே எழுதிக்கொடுப்பதற்காக. 1492 வரை அவர் வாழ்ந்தார்.

இதற்கு நேர் எதிர்த் திறமை மார்கரெட் போஃபர்ட்டுக்கு. பதின்மூன்று வயதில் கைம்பெண்ணாகப் பிள்ளை பெற்றவர். அவருடைய அப்பாவுக்குச் செசிலி அத்தை மகள். செசிலியின் கடைக்குட்டி மகன் மூன்றாம் ரிச்சர்டாக அரசரான பிறகு, அவருக்கு எதிராகச் சதி செய்து பிடிபட்டும் துரோகி என்று அறிவிக்கப்படவில்லை. நிலம் அவருடைய கணவர் ஸ்டான்லியின் பெயருக்கு மாற்றப்பட்டது, அவ்வளவே. ஸ்டான்லியைப் பகைக்க ரிச்சர்டுக்குத் துணிவில்லை. 1485-இல் மார்கரெட்டின் மகன் ரிச்சர்டைக் கவிழ்த்து ஏழாம் ஹென்றியாக அரியணை ஏறியதும், கணவர் இருக்கும்போதே மணமாகாதவரைப் போலச் சொத்து வைத்துக்கொள்ள அவருக்கு நாடாளுமன்றம் தனி உரிமை வழங்கியது.

செசிலியின் கடைசிக் கட்டத்தை நீட்டப் போவதில்லை. 1478-இல் ஜார்ஜ் சாகவைக்கப்பட்டார். 1483-இல் எட்வர்ட் நோயில் இறந்தார், அவருடைய இரண்டு பையன்களும் லண்டன் கோபுரத்தில் காணாமல் போனார்கள், சித்தப்பா ரிச்சர்ட் அரசரானார். அப்போது எட்வர்ட் முறைதவறிப் பிறந்தவர் என்ற பேச்சைக் கிளப்பினார்கள். இன்றும் பிரசவத் தேதியிலிருந்து பின்னோக்கி நாள் எண்ணுபவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கை இல்லை. யார்க் ஒருநாளும் அந்த மகனை மறுக்கவில்லை. 1484 ஜூன் 3-இல் ரிச்சர்ட் தாய்க்கு எழுதிய கடிதம் இருக்கிறது. மிகப் பணிவாக ஆசி கேட்கிறார். கூடவே ஒரு வேண்டுகோள்: வில்ட்ஷரில் காலிங்போர்ன் பார்த்த நில நிர்வாகப் பொறுப்பைத் தன் அரண்மனை அதிகாரிக்குக் கொடுக்க வேண்டும். அரசனே ஆனாலும் தாயின் நிலத்தில் ஆள் போடத் தாயிடம்தான் கேட்க வேண்டும். அந்தக் காலிங்போர்ன்தான் ரிச்சர்டைக் கேலி செய்து பாட்டெழுதியவர். பிறகு துரோகக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டார்.

முதுமையில் பெர்காம்ஸ்டட் கோட்டையில் அவருடைய அன்றாடம் எப்படி இருந்தது என்று ஒரு வீட்டு ஒழுங்குக் குறிப்பு காட்டுகிறது. காலை ஏழு மணிக்கு எழுந்து வழிபாடு. பதினொரு மணிக்குச் சாப்பாடு. சாப்பிடும்போது புனித நூல் வாசிப்பு. அதன்பின் ஒரு மணி நேரம் தன்னைக் காண வந்தவர்களின் வழக்குகளைக் கேட்பார். கால்மணி நேரம் தூக்கம். மீண்டும் ஜெபம். ஐந்து மணிக்கு இரவுச் சாப்பாடு. மதியம் கேட்ட வாசிப்பை உடனிருப்பவர்களுக்குச் சொல்லிக்காட்டுவார். பிறகு பெண்களோடு சிரிப்பும் பேச்சும், ஒரு கோப்பை மது, எட்டு மணிக்குப் படுக்கை. இதைத் துறவு வாழ்க்கை என்று எழுதுகிறார்கள். நான் கவனிப்பது இன்னொரு வரியை. தன் ஆட்கள் சரக்கு வாங்கிவிட்டுப் பணம் சரியாகக் கொடுக்கிறார்களா என்று அறிய, சுற்றுவட்டாரச் சந்தை ஊர்களில் ஆண்டுக்கு நான்கு முறை அவர் பெயரில் தண்டோரா போடப்பட்டது. ஜெபத்துக்கு நடுவே கணக்கும் நடந்தது.

1495-இல் உயில் எழுதினார். அதில் தன்னை யார்க் டியூக் ரிச்சர்டின் மனைவி என்றும், அந்த ரிச்சர்டே நான்காம் எட்வர்டின் தந்தை என்றும் எழுதவைத்தார். வதந்திக்கு அவர் கொடுத்த பதில் அவ்வளவுதான். ஏழாம் ஹென்றியை மணந்த பேத்தி எலிசபெத் அரசிக்கு ஒரு சங்கீதப் புத்தகம். மகனைக் கவிழ்த்த அரசனின் தாயான மார்கரெட் போஃபர்ட்டுக்கு, தங்கக் கொக்கி வைத்த ஒரு ஜெபப் புத்தகம். கொள்ளுப்பேரன் இளவரசர் ஆர்தருக்கு விதியின் சக்கரம் நெய்த திரைச்சீலைக் கட்டில்.

ஃபாதரிங்கே ஆலயத்தில் கணவருக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். பிற்காலத்தில் ஆலயத்தின் ஒரு பகுதி இடிந்து, முதலாம் எலிசபெத் காலத்தில் பெட்டிகளை எடுத்து வேறிடத்தில் வைக்க நேர்ந்தபோது மூடி திறக்கப்பட்டது. செசிலியின் கழுத்தில் ஒரு நாடா. அதில் ரோமிலிருந்து வந்த பாவமன்னிப்புப் பத்திரம் ஒன்று கட்டியிருந்தது. நேற்று எழுதியதைப் போல எழுத்து தெளிவாகப் படிக்க முடிந்ததாம்.